பட்டப்பகலில் போதை

ஜூன் 19, இரவு

மதியம் அண்ணி வாட்ஸ்அப்பில் தனக்கு வந்த ஒரு படத்தை அனுப்பினார். செஞ்சி பஸ் ஸ்டாண்டு சுவரில் சாய்ந்து என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார். தலை சரிந்திருக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது. மேலே சிவப்பு எழுத்து: 'பட்டப்பகலில் போதை! இவர்தான் நம் பிள்ளைகளின் ஸ்கூல் வேன் டிரைவர்!'

அவர் குடித்து நான் பார்த்ததே இல்லை. வெயிலில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டதாக முன்பே போனில் சொல்லியிருந்தார். இருந்தும் படத்தில் அவர் கண் குடிகாரன் கண்ணாகத்தான் தெரிந்தது. எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன். களைத்துப்போன மனிதர். விரலை எடுத்தேன். மறுபடியும் குடிகாரர்.

சாயங்காலம் வந்தவர், "நாளைக்கு வர வேணாம்னுட்டாங்க மேரி" என்றார். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் நெருங்கிப் போய் மோந்து பார்த்தேன். வெறும் வியர்வை வாசனைதான். அவர் கவனித்துவிட்டார்.

"இன்னா மேரி, நீயும் நம்புறியா?"

"இல்லீங்க" என்றேன். சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அது பொய் என்று அண்ணிக்கு எழுதினேன். "அப்போ போட்டோ பொய்யா?" என்று கேட்டார். போட்டோ பொய்யில்லை. அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார், தூங்கவில்லை. காலையில் ஸ்கூலுக்குப் போய் நானே பேசலாம் என்று நினைக்கிறேன். எல்லாம் தெரிந்த நானே மோந்து பார்த்தேன். அவர்களிடம் மட்டும் நம்புங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது?