கருகிய கத்திரிப் பாத்தி

அக்கா,

இதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன். எதிரில் உன் பவுடர் டப்பா. மூடியைத் திறந்தால் சாம்பல் வாடை, காய்ந்த வேப்பிலை வாடை. அடியில் இன்னும் நாலைந்து கத்திரி விதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. போன மாதம் வாலாஜாபாத்திலிருந்து வந்த உன் மகள், "அம்மா உங்களுக்குத்தான் குடுக்கச் சொல்லிச்சு சித்தி" என்று இதை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கா? எனக்கா கொடுக்கச் சொன்னாய்?

ஊரடங்கில் மார்க்கெட்டை மூடியபோது பிள்ளையார்பாளையமே காய்க்கு அல்லாடியது. ரசத்தையும் அப்பளத்தையும் தின்று நாக்கு செத்துப்போய் நான் புலம்பினேன். எதிர்வீட்டு வாசலிலிருந்து அதைக் கேட்ட நீதான் தெருக்கோடியில் குப்பை மண்டிக்கிடந்த காலி மனையைக் காட்டினாய். "வெள்ளக்காரன் காலத்துல யுத்தம் நடந்தப்போ எங்க அப்பா வூட்டாண்ட ஒரு முழம் மண்ணக்கூட சும்மா வுடலயாம். வாசல்லயே அவரையும் பூசணியும் போட்டாங்களாம். நமக்கு இன்னா கேடு?" என்றாய். மனைக்காரரிடம் நீயே போய்ப் பேசினாய். பட்டுத் தறி நின்றுபோய்ச் சும்மா கிடந்த பன்னிரண்டு வீட்டாரும் மண்வெட்டி எடுத்தோம். யுத்தத் தோட்டம் என்று பெயர் வேறு வைத்தாய். எந்தப் பாத்தியானாலும் முதல் விதை உன் கையால்தான். உன் கைராசி அப்படி.

மறு வருஷம் மாமா போய்விட்டார். காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, "வூட்லயே குந்திக்கினு இருந்தா பைத்தியம் புடிச்சிடும்டி" என்று வந்து கத்திரி விதைத்தாய். நாற்று விரல் உயரம் வந்தது. அந்த வாரம் தண்ணீர் ஊற்றும் முறை என்னுடையது.

உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது சொல்கிறேன். குழாயில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. எங்கள் வீட்டுப் பின்புறம், கொஞ்சமாக வந்திருந்த வேலைக்குப் பட்டு வேகவைத்த தண்ணீர் ஆறிக்கிடந்தது. சாயம் கலக்காத தண்ணீர், மேலே தெளிந்திருந்தது. வீணாகப் போகிறதே என்று நாலு குடம் மொண்டுபோய் ஊற்றினேன். பட்டின் பசை போக அதில் போட்டுக் கரைந்திருந்த சோப்பும் சோடாவும் என் புத்தியில் உறைக்கவேயில்லை. இருபது வருஷமாக அந்தத் தண்ணீரில் கையை விட்டுத் தோல் உரிந்தவள் நான்! நாலாம் நாள் பாத்தி முழுக்கக் கருகிவிட்டது.

கோடிவீட்டு அம்மா எல்லார் எதிரிலும் சொன்னாள்: "தாலியறுத்த கை பட்டா வெளங்குமா?" நீ என்னைத்தான் பார்த்தாய். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாய். பாவி நான், குனிந்து குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தெருவே என்மேல் பாயும் என்று பயம். நீ மண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இனிமே நான் கைவெக்கல. நீங்களே போட்டுக்குங்கம்மா" என்று போய்விட்டாய். பிறகு சாகும்வரை நீ ஒரு விதைகூட மண்ணில் போடவில்லை. ஆனால் வருஷாவருஷம் காய்க்காரியிடம் பழுத்த கத்திரியாகக் கேட்டு வாங்கி விதை எடுத்து வைத்திருக்கிறாய். உன் மகள் சொல்லித்தான் தெரியும்.

அந்தத் தோட்டமும் அதிக நாள் ஓடவில்லை. இரண்டாவது ஊரடங்கும் முடிந்து மார்க்கெட் திறந்ததும் தறியும் முழுசாக ஓட ஆரம்பித்தது, மனை மறுபடி குப்பைமேடானது. இப்போது காய் விற்கிற விலையில் எல்லாருக்கும் உன் ஞாபகம் வந்துவிட்டது. மறுபடி யுத்தத் தோட்டம் போடலாம் என்று கூடினோம். நான் உன் டப்பாவோடு போனேன். கோடிவீட்டு அம்மா மட்டும் கிட்டே வராமல் மதிலோரம் நின்றாள். அவள் புருஷன் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

"மொத வெத நீ போடும்மா. உன் வூட்டுக்காரர் நல்லா இருக்காரு. நான் இங்கியே நின்னுக்கறேன்" என்றாள்.

அந்த நிமிஷம் என்னால் தாங்க முடியவில்லை அக்கா. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு பாத்தி கருகினது அக்கா கையால இல்ல. நான் ஊத்துன சோடாத் தண்ணியால."

"ஐயய்யோ! இத்தினி நாளா முழுங்கிக்கினா இருந்தே?" என்று யாரோ கத்தினார்கள். கோடிவீட்டு அம்மா மதிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எத்தினி பேர் எதிர்ல அந்த வார்த்தய சொன்னேன்" என்று அழுதாள். நான் டப்பாவை அவள் கையில் வைத்தேன். "நீங்களே போடுங்கம்மா" என்றேன். அழுதுகொண்டே மூடியைத் திருகியதில் பாதி விதை வெளியே சிந்தியது. மீதியைப் போட்டாள்.

முளைத்துவிட்டது. ஒரு நாளைக்கு மூன்று தடவை ஓடிப்போய்ப் பார்க்கிறேன். யார் குடம் கொண்டுவந்தாலும் விரலை விட்டு, வழவழப்பு இருக்கிறதா என்று தேய்த்துப் பார்க்காமல் ஊற்ற விடுவதில்லை. தெருவில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். சொல்லிவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை. பன்னிரண்டு வீட்டில் பதினொரு வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டில் பூட்டு தொங்குகிறது அக்கா.