மவுண்ட் ஆகாத இரண்டாம் பகுதி

ஞாயிறு, 6 அக்டோபர் 2024. சோமா நகரம்

கணினியில் செருகும் வட்டு திறக்காமல் போனபோது வீட்டில் இருந்தவர்கள்: நான், என் கணவர், பக்கத்து வீட்டு பீனா சிபெகோ, அவள் முதுகில் தூங்கிய குழந்தை. பீனா என்றால் அம்மா; இங்கே பிள்ளை பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள், நான் பீனா லுயாண்டோ. யார் கை பட்டது என்று நாளைக்குப் பேச்சு வரும், அதனால் எழுதி வைக்கிறேன்.

கை என்னுடையதுதான். எங்கள் சபைக்கு வெள்ளிக்கிழமை சூரியன் அடங்கினால் ஓய்வுநாள் பிறந்துவிடும், வேலை கூடாது. ஒரு நிமிடம்கூடத் தாண்டக்கூடாது என்று, கதையைச் சேமித்துக்கொண்டிருக்கும்போதே வட்டின் வயரைப் பிடுங்கிவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது. இன்று செருகினால் மடிக்கணினியின் லினக்ஸ் வட்டின் முதல் பகுதியைத் திறக்கிறது. இரண்டாவதை மவுண்ட் செய்ய, அதாவது இணைத்துத் திறக்க, முடியாது, சூப்பர்பிளாக் கெட்டிருக்கிறது என்கிறது. இரண்டாவதில்தான் பிள்ளைகளுக்காக எங்கள் டோங்கா மொழியில் மூன்று வருடமாக எழுதிய இருபத்தொரு கதைகள். வரும் வெள்ளி நள்ளிரவுக்குள் தலைநகர் லுசாகாவில் உள்ள பதிப்பகத்துக்குப் போக வேண்டும். பிடித்துப்போனால் அங்கேயே எழுதும் வேலை. உப்புக்கும் எண்ணெய்க்கும் கணக்கு வைப்பவள் இதற்கு ஒரு நகல் வைக்கவில்லையே, ஏன்?

திங்கள், 7

கரண்ட் இன்று மூன்று மணி நேரம்தான். மடிக்கணினியின் பேட்டரி செத்துப் பல மாதமாகிறது. மூன்று மணி நேரமும் அதே பிழை.

அவர்: "போனது போகட்டும், கோழி வளர்க்கலாம்னு சொன்னேனே, கேட்டியா?"

பீனா சிபெகோ: "பீனா லுயாண்டோ, பொட்டி செத்துடுச்சுன்னா சொல்லு. ஒப்பாரிக்கு ஆளுங்களக் கூட்டிட்டு வர்றேன், நீ ந்ஷிமா களி மட்டும் கிண்டிடு."

சிரித்துவிட்டேன். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

செவ்வாய், 8

சந்தையில் கணினி பழுது பார்க்கும் சிக்கலொங்காவிடம் கொண்டு போனேன். "ஃபார்மேட் பண்ணிட்டா புதுசு மாதிரி ஆயிடும்மா."

"புதுசு எனக்கெதுக்குப்பா? உள்ள இருக்கிறதுதான் வேணும்."

"லினக்ஸெல்லாம் படிச்சவங்க வெச்சுக்கிறதும்மா."

வட்டைத் துணியில் சுற்றி எடுத்து வந்துவிட்டேன்.

புதன், 9

கரண்ட் வரவே இல்லை.

வியாழன், 10

போனில் தேடித் தேடிக் கண் எரிகிறது. ஆனால் ஒன்று தெரிந்தது: சூப்பர்பிளாக் என்பது அந்தப் பகுதியின் முதல் பக்கம். அதன் நகல்களை வட்டு வேறு வேறு இடங்களில் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. இடங்களைக் கேட்கும் கட்டளையில் நடுவே ஒரு சின்ன n வர வேண்டும். அது விட்டுப்போனால் எல்லாவற்றையும் துடைத்துவிடும். தாளில் எழுதி, வேதவசனம்போல மூன்று முறை படித்துவிட்டுத்தான் தட்டினேன். எண்கள் வந்தன. முதல் எண் 32768. குறித்துக்கொள்ளவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

வெள்ளி, 11. மாலை 5.52

4.40க்குக் கரண்ட் வந்தது. 32768இல் உள்ள நகலை வைத்துச் சரிபார்க்கச் சொன்னேன். சரிசெய்யவா, சரிசெய்யவா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஆம், ஆம், ஆம். 5.25க்கு மவுண்ட் ஆயிற்று! ஆனால் பாதிக் கோப்புகளுக்குப் பெயர் போய்விட்டது, வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பதினான்கு கதைகள் அடையாளம் தெரிந்தன. வெயில் கூரை விளிம்புக்கு வந்துவிட்டது.

அவர்: "உக்காந்து முடிச்சு அனுப்பிட்டு, நாளைக்கு மன்னிப்புக் கேட்டுக்கோயேன். ஆண்டவர் என்ன, ஆபீசரா?"

கோழி கோழி என்றவர் இப்படிச் சொல்கிறாரே. இப்போதா சொல்லணும் இதை?

வட்டை முறையாக விடுவித்தேன். இயந்திரத்தை அணைத்தேன்.

சனி, 12. சூரியன் அடங்கிய பின்

நேற்று இரவு முழுக்கக் கரண்ட் இருந்தது. ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. படுத்துக்கொண்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று இருபது கதைகள் கிடைத்தன. வயரைப் பிடுங்கும்போது திறந்திருந்த கதை மட்டும் கிடைக்கவில்லை. ஏழு மணிக்கு அனுப்பினேன். கடிதத்தின் நகல்:

"ஐயா, இருபது கதைகள் இணைத்திருக்கிறேன். கெடு நேற்றோடு முடிந்தது தெரியும். வெள்ளி அந்தி முதல் சனி அந்திவரை நான் வேலை செய்வதில்லை. நீங்கள் வேலை கொடுத்தாலும் அப்படித்தான். வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்."