பிளாஸ்டிக் உரிக்காத போன்

ஜன. 17, ஞாயிறு

காலையில் குளிர். அதாவது செம்பூர்க் குளிர், ஃபேனை இரண்டில் வைக்கும் அளவு. பொங்கல் கரும்பு இன்னும் பால்கனியில். எறும்பு வரிசை. நாளை கண்டிப்பாக வெளியே போட வேண்டும்.

மாலை இவர் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டு ஒரு டப்பாவோடு வந்தார். புது போன். தொடுதிரை. பக்கவாட்டில் தள்ளினால் உள்ளேயிருந்து முழு கீபோர்டு நழுவி வருகிறது. பாட்டு, வீடியோ, ரேடியோ, கேமரா எல்லாம் உண்டு. மகள் நித்யா டியூஷன் பையைக்கூட இறக்காமல் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா, இது உனக்கா? சச்சி? நிஜமாவா?"

"எனக்குத்தான். கீபோர்டுக்காகத்தான் வாங்கினேன்."

"அரே, டச்லயே டைப் பண்ணலாம். கீபோர்டெல்லாம் எதுக்கு?"

சிரித்தார்.

செருப்பு வாங்க மூன்று கடை ஏறி வெறுங்கையோடு திரும்புகிற மனிதர். சொல்லாமல், கேட்காமல், போன்? திரையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கை உரிக்காமல் வைத்திருந்தால் சனிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கலாமாம். கடைக்காரன் சொன்னதாகச் சொன்னார்.

"நீ எப்படியும் டெஸ்ட் பண்ணுவே லலிதா. பண்ணிட்டுச் சொல்லு."

பண்ணுவேன்தான். வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் இந்த நோட்டில்தான் தேறின. இரண்டு மிக்ஸி தேறாமல் கடைக்கே திரும்பின. பதினாறு வருஷமாகக் கல்லூரி லேபில் பியூரெட் எடுத்துக் கொடுப்பவள் வேறு எப்படி இருப்பாள். நான் சோதிக்காமல் இந்த வீட்டுக்குள் வந்தது இவர் ஒருவர்தான். அது என் அப்பா செய்த சோதனை.

ஜன. 18, திங்கள்

கரும்பு போட்டாயிற்று. எறும்பு போகவில்லை.

போன், முதல் பார்வை:
– விரலால் மெல்லத் தடவினால் அசையாது. நகத்தால் அழுத்தினால் கேட்கிறது. ஹேர்பின்னாலும்.
– ஈரக் கை, மாவுக் கை: வேலை செய்கிறது. ஆச்சரியம்.
– கீபோர்டு எழுத்து பெரிது. கண்ணாடி இல்லாமல் தெரிகிறது.
– தள்ளும்போது 'டொக்' சத்தம். எத்தனை நாள் தாங்குமோ.

இவரே அதை வேலைக்கு எடுத்துக்கொண்டு போனார். பதினொரு மணிக்கு, டைட்ரேஷன் நடக்கும்போது, சட்டென்று உறைத்தது: கேமரா.

டிராம்பேயில் இவர் பிளாண்ட் வாசலில் கேமரா போனை உள்ளே விடமாட்டார்கள். இரண்டு வருஷம் முன்பு தெரியாமல் ஒன்றை எடுத்துப் போய், காவலாளி திருப்பி அனுப்பி, அரை நாள் லீவு போயிற்று. அன்றிலிருந்து டார்ச் மட்டும் உள்ள சாதா போன்தான். அப்படிப்பட்டவர் கேமரா போனை ஏன் வாங்க வேண்டும்? வாங்கி, ஏன் கொண்டுபோக வேண்டும்?

மத்தியானம் அழைத்தேன். "கறிகாய் என்ன வாங்கட்டும்? வெண்டையா, சேனையா?"

"சரி."

"எது சரி?"

"சரி சரி. வெச்சுடறேன்."

குறை 1: காதில் வைக்கும் ஸ்பீக்கர் மந்தம். (சேனை வாங்கினேன்.)

ராத்திரிச் சாப்பாட்டில் முகத்துக்கு நேராகக் கேட்டேன், கேட்டில் எப்படி விட்டார்கள் என்று. "லாக்கர் இருக்கு" என்றார். இருபத்திரண்டு வருஷமாக இல்லாத லாக்கர்.

ஜன. 19, செவ்வாய்

பிராக்டிகலுக்கு மூன்று வாரம். காப்பர் சல்பேட் ஒரு பாட்டில்தான் மீதி.

நித்யாவை விட்டுக் குறை 1-ஐச் சோதித்தேன். அவள் மாடிப்படியில், நான் சமையலறையில்.

"அம்மா! மெதுவாப் பேசு. காது கிழியறது. ஸ்பீக்கர் ஏக்தம் மஸ்த், நன்னாவே இருக்கு."

குறை 1-ஐ அடித்தாயிற்று.

போனில் தமிழ் வராது. அண்ணா அனுப்பிய தமிழ் மெசேஜ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. நல்லது. இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரியாத மூன்றாவது ஆள். நித்யா 'அ'வைத் தாண்டவில்லை. இவர் மாட்டுங்கா கான்வென்டில் படித்தவர். கடைப் பலகையையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால்தான் இந்த நோட்டு மேஜைமேல் திறந்தே கிடக்கிறது.

இவர் குளிக்கப் போனபோது கேமரா சோதனை. உள்ளே மூன்று படம். இரண்டு மங்கல், இவர் கட்டைவிரல். மூன்றாவது துல்லியம். ஒரு கைப்பிடிச் சுவர்மேல் நம் டிபன் கேரியர், திறந்தபடி. நேற்று நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சஞ்சாதம். பின்னால் கண்ணாடிக் கட்டடம், பஸ் நிறுத்தம். மராத்திப் பலகையில் ஐரோலி.

நேரம்: திங்கள், பகல் 1.12.

டிராம்பே எங்கே, ஐரோலி எங்கே. கடலின் அந்தப் பக்கம்.

முதலில் கருவியைச் சந்தேகப்படு, பிறகு மாதிரியை. மாணவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். போனின் கடிகாரத்தை டிவி செய்தியோடு ஒப்பிட்டேன். நிமிஷம்கூடப் பிசகவில்லை. பிசகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜன. 20, புதன்

லிஃப்ட் ரிப்பேர். படியில் கீழ்வீட்டுச் செல்வி. அவள் வீட்டுக்காரரும் அதே பிளாண்ட், வேறு பிரிவு. ஒரே ஸ்டாஃப் பஸ்.

"என்னக்கா, சார் இப்பம் பஸ்ல வாரதே இல்லையாமே. பைக் கிய்க் வாங்கியாச்சா?"

"யார் சொன்னா?"

"எங்க வீட்டுக்காரவுகதான். தீவாளிக்குப் பொறவு ஆளையே பாக்கலன்னாவ. எங்களுக்குச் சொல்லாம வண்டி எடுத்துட்டியளோன்னு நெனச்சேன்."

பைக் இல்லை என்றேன். சிரித்தும் வைத்தேன். படி ஏறிக்கொண்டே மாதத்தை எண்ணினேன்.

தீபாவளி. அப்படியானால் மூன்று மாதம். மூன்று மாதமாக அதே 7.10க்குக் கிளம்பி, அதே கேரியரோடு எங்கே போகிறார்?

அ) வேலை போய்விட்டது. ஆனால் சம்பளம் வருகிறது.
ஆ) வேறு வேலை. பின் ஏன் மறைக்க வேண்டும்?
இ) எழுதப் பிடிக்கவில்லை.

இன்றும் அவர் குளியல். (பத்து நிமிஷம். பதினாறாம் வருஷத்துச் சோதனைக்காரிக்குப் போதும்.) அனுப்பிய மெசேஜ்கள்: எனக்கு 'OK'. நித்யாவுக்கு 'OK'. 'தேஷ்பாண்டே' என்று ஒரு எண்ணுக்கு, ஆங்கிலத்தில்: தயவுசெய்து கூப்பிட வேண்டாம். மெசேஜ் மட்டும்.

கூப்பிட வேண்டாம், மெசேஜ் மட்டும். இதற்காகத்தான் கீபோர்டா?

தேஷ்பாண்டே ஆணா பெண்ணா?

எண்ணைக் கறிகாய்க் கணக்குச் சீட்டின் பின்னால் குறித்துக்கொண்டேன்.

ஜன. 21, வியாழன்

அழைக்கவில்லை. மூன்று முறை எண்ணை அழுத்தி நிறுத்தினேன்.

சேனை மிச்சம். யாருக்கும் பிடிக்கவில்லை.

ஜன. 22, வெள்ளி

ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லாதபோது அழைத்தேன். எடுத்தது ஆண் குரல், நடுத்தர வயது, வாயில் ஏதோ மென்றுகொண்டு.

"ஹாங், ஸ்டோர்ஸ். ஐரோலி."

மணி சார் இருக்கிறாரா என்று இந்தியில் கேட்டேன். அவர் மிஸஸ் என்றேன்.

"அச்சா, பாபிஜி! மணி சார் ஃபோன் பே நஹி சுன்தே நா. மெசேஜ் டாலோ." கொஞ்சம் நிறுத்தி, "ஆப்கோ தோ பதா ஹோகா."

உங்களுக்குத் தெரிந்திருக்குமே. ஆமாம் ஆமாம், மறந்துவிட்டேன் என்றேன். போனில் அவருக்குக் காது கேட்காது என்பது மென்றுகொண்டு பேசும் தேஷ்பாண்டேக்குத் தெரிகிறது.

மாலை. இவர் டிவி முன்னால். பின்னால் பத்தடியில் நின்று பெயர் சொன்னேன், நான் என்றுமே சொல்லாத பெயரை. திரும்பவில்லை. ஆறடி. திரும்பவில்லை. மூன்றடியில் தோளை அசைத்தார். அது ஃபேன் காற்றுக்காகவும் இருக்கலாம்.

மூன்று வருஷமாக எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை. எது கேட்டாலும் 'சரி'. வயது ஏற ஏறப் பக்குவம் வருகிறது என்று இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். போன வருஷப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். எழுதித்தான் இருக்கிறேன், சந்தோஷமாக.

போனை எடுத்து, கீபோர்டைத் தள்ளி, ஒரே வார்த்தை அடித்து மடியில் வைத்தேன். Airoli?

படித்தார். டிவியை அணைத்தார்.

"தீபாவளிக்கு முன்னாடி மெடிக்கல். காதுல ஃபெயில். மெஷின் கிட்டப் போகக் கூடாதுன்னுட்டா. ஐரோலி ஸ்டோர்ஸ்ல உக்கார வெச்சிருக்கா. அங்க கேமரா போனுக்குத் தடை இல்லை. சம்பளம் அதேதான்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?" முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

"சொன்னா டெஸ்ட் பண்ணுவே. அப்பறம் அந்த நோட்டுல எழுதுவே."

எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜன. 23, சனி

திருப்பிக் கொடுக்கக் கடைசி நாள். கடை எட்டரை வரை.

நித்யாவிடம் அவரே சொன்னார். "அரே அப்பா, அதான் டிவி அந்த வால்யூமா! நீ கோவத்துல அப்படி வெக்கறேன்னு நினைச்சேன்." பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

போன், முடிவு:
– தொடுதிரை மந்தம். நகம் தேய்ந்துவிடும்.
– சார்ஜ் ஒரு நாள்கூட முழுதாக நிற்பதில்லை.
– வீடியோ திக்கித் திக்கி.
– கேமரா பகல் வெளிச்சத்தில் நன்று. (தெரிந்த விஷயம்.)
– கீபோர்டு: குறை இல்லை.

மிக்ஸியாக இருந்தால் திருப்பியிருப்பேன்.

அவர் நேற்று சொன்னது முழுதும் உண்மையா? மெடிக்கல் சீட்டைக் கேட்கலாம். கேட்கவில்லை. கேட்பேன் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இன்று இல்லை.

மாலை ஏழேகால். சட்டை மாட்டி, டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"உனக்குத் திருப்தி இல்லேன்னா குடுத்துடலாம்."

எதிரே போய் நின்றேன். "புதன்கிழமை, ஆறு மணி, காது டாக்டர். நானும் வருவேன்."

"சரி."

"எது சரி?"

வழக்கம்போல் சிரிக்கப் பார்த்தார். நான் நகரவில்லை.

"புதன். ஆறு மணி. காது," என்றார். "நீயும் வரே."

போனை வாங்கி, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, பிளாஸ்டிக்கை ஒரே இழுப்பில் உரித்தேன். அந்தச் சத்தம் கேட்டதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.