நீலப் படகில் ஏறிவிட்டேன்

மர்செய்யான்,
ஜூன் 18

அன்பு மகள் மகலோனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன், படி இறங்கும்போது மட்டும் முட்டி முனகுகிறது. தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் குரலைக் கேட்டதும் மழை, வெயில் என்று பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். மூன்று ஞாயிறு அப்படியே போயிற்று. இனியும் தள்ளினால் உன் ஜீனெத் அத்தை முந்திக்கொள்வாள்.

திராட்சை பூத்து முடிந்தது. இந்த வருடம் பூஞ்சை எட்டிப் பார்க்கவில்லை. கீழ்த்தோட்டத்தில்தான் காட்டுப்பன்றி வேலியைப் பிய்த்துவிட்டது.

பழுது பார்க்கக் கொலம்பியேயில் விட்டிருந்த நம் படகை மே மாதக் கடைசியில் கொண்டுவந்தேன். கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. பக்கத்து ஊர் ஆக்தில் பூக்கடை வைத்திருக்கும் ஓதீல் வந்தாள். அம்மாவின் கல்லறைக்கு ஐந்து வருடமாக மாதாமாதம் நான் பூ வாங்குவது அவளிடம்தான். கால்வாய் ஓரத்திலேயே பிறந்து வளர்ந்தவள், தண்ணீரை வடித்துப் படகைப் படிப்படியாகக் கீழே இறக்கும் பெசியேயின் ஒன்பது மதகுகளில் ஒருமுறைகூடப் போனதில்லை என்றாள். எனக்கு அது அநியாயமாகப் பட்டது.

முதல் மதகிலேயே கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டாள். தண்ணீர் இறங்கியது, படகு இறங்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியதில் அடுப்பிலிருந்த மீன் குழம்பு முழுக்க என் காலணியில். கரையில் நின்ற கூட்டம் கைதட்டியது. மன்னிப்புக் கேட்பாள் என்று பார்த்தால், "கட்டுன்னு சொன்னீங்க, கட்டுனேன். தண்ணி எறங்க எறங்க கயித்த விடணும்னு எந்தப் பூக்காரிக்குத் தெரியும்?" என்று என்னையே திட்டினாள். நான் சிரித்தேன், மகலோன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஓர்ப் ஆற்றுக்கு மேலே கால்வாய்ப் பாலத்தில் போகும்போது இன்ஜினை அணைக்கச் சொன்னாள். கீழே ஆறு, மேலே நாங்கள், பின்னால் குன்றின் மேல் தேவாலயம். இத்தனை வருடத்தில் அங்கே நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மறுநாள் லிப்ரோன் ஓடை குறுக்கிடும் இடத்தில், வெள்ளம் வந்தால் அதைக் கால்வாய்க்கு மேலே தூக்கிவிடும் அந்தப் பழைய இரும்பு அமைப்பைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டாள். பாதிக்கு விடை தெரியாமல் நானாகக் கதை கட்டினேன், அதையும் கண்டுபிடித்துவிட்டாள். ஆக்தின் வட்ட மதகில் அவள் இறங்க வேண்டும். இறங்கவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் காயலைப் பார்க்காமல் போவதா என்றாள். கலங்கரை விளக்கத்தடியில் படகைக் கட்டி, சிப்பியும் நம் தோட்டத்து வெள்ளை ஒயினுமாகச் சாப்பிட்டோம். அவ்வளவுதான் நடந்தது.

போன ஞாயிறு, எதிர்ப் படகுக்காரனை ஈட்டியால் தண்ணீரில் தள்ளும் நம் ஊர்ப் படகுச் சண்டைக்குப் பயிற்சி ஆரம்பம். சிவப்புப் படகு கல்யாணமானவர்களுக்கு, நீலம் பிரம்மச்சாரிகளுக்கு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தொரு வருடமாகச் சிவப்பில் துடுப்புப் போடுகிறவன் நான். அம்மா போன பிறகும் யாரும் என்னை எழுந்திருக்கச் சொன்னதில்லை. அன்று ஓதீல் கரையில் வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே படியிறங்கி நீலப் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். துடுப்பைக் கையில் எடுத்த பிறகுதான் கரை முழுக்க அமைதியாக இருப்பது உறைத்தது. இறங்கப் பார்த்தேன், பையன்கள் விடவில்லை. உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதானாம். என் வயதில் பாதி கூட இல்லாதவர்களோடு சேர்ந்து என் சொந்தக் கூட்டாளிகளுக்கு எதிராகத் துடுப்புப் போட்டேன். சிவப்பின் மேடையில் ஈட்டியோடு நின்ற பார்தெஸ், என் நாற்பது வருட நண்பன், கேடயத்தோடு தண்ணீரில் விழுந்தான். சொட்டச் சொட்ட ஏறிவந்து ஊர் கேட்கச் சொன்னான்: "டேய் ஃபுல்க்ரான், வயசான காலத்துல பொண்ணு பாக்கக் கெளம்பிட்டியே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பக்கம் நானும் வந்திருப்பேன்ல?" அவன் மனைவி அவனுக்குத் துண்டு கொடுக்க மறுத்துவிட்டாள்.

எனக்கே தெரியாததை ஊர் தெரிந்துகொண்டது. என்னைக் கட்டிக்கொள்வாயா என்று அன்று மாலையே ஓதீலிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "எனக்கு மனசு இருக்கு. ஆனா உங்க மக சொல்லாம அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்," என்றாள்.

அடக்கத்தன்று, அம்மா இடத்தில் யாரையும் உட்கார வைக்காதே என்று நீ அழுததும், நான் தலையாட்டியதும் எனக்கு மறக்கவில்லை. அந்த இடத்தில் யாரும் உட்காரப் போவதில்லை, மகளே. மாதாமாதம் பூவும் நிற்காது. இனிமேல் எது நல்ல பூ என்று ஓதீலே பார்த்து எடுப்பாள். படகில் இரண்டு நாள் சிரித்துவிட்டு, பாவம் செய்தவன் போல வீட்டுக்குள் நுழைந்தேன். அந்தப் பயத்தை நீதான் போக்க வேண்டும்.

சிவப்புப் படகில் கட்டிக்கொள்ள அம்மா எனக்குத் தைத்த கழுத்துத் துணியை நீ மொந்த்ரெயாலுக்கு எடுத்துப் போனாய். ஆகஸ்ட் திருவிழாவுக்கு வரும்போது அதைக் கொண்டு வா. உன் கையால் கட்டிவிட்டால் சிவப்புப் படகுக்கே திரும்புகிறேன். மனம் வரவில்லை என்றால் அது உன்னிடமே இருக்கட்டும், ஒரு வார்த்தையும் கேட்க மாட்டேன். நீலத்தில் ஒன்று கடையில் வாங்கி வைத்திருக்கிறேன். எனக்கு அது பொருந்தவில்லை.

எப்படியானாலும் நீ வா. உன் அறை ஜன்னலுக்குப் புதிதாக வண்ணம் அடித்திருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கும்
உன் அப்பா,
ஃபுல்க்ரான்