முப்பது கிலோமீட்டர் பானக்காரம்

முள்ளக்காடு,
தை 29.

என் தங்க மகள் பானுப்ரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கப்பா, கடை, கடை வாசலில் படுத்திருக்கும் நாய் எல்லோரும் சுகம், என் இரண்டு உள்ளங்கால் மட்டும் சுகமில்லை, அதற்கான காரணம் கீழே வருகிறது. அங்கே உன் உடம்பும் வேலையும் எப்படி என்று எழுது, போன தடவை வீடியோவில் பார்த்தபோது கன்னம் ஒட்டிப்போனது போல் தெரிந்தது, ரொட்டியைத் தின்று வயிற்றை ஏமாற்றாமல் ஒரு வேளையாவது சோறு வடி. போனில் சொல்ல முடியாததா, நாலாம் வகுப்புப் படித்த கையால் எதற்கு இவ்வளவு பெரிய கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்கிறாய், காகிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் கருப்பட்டிப் பார்சலோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். உங்கப்பா புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார். போட்ட அன்றைக்கே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஏளா, நீ இப்படியா இருக்கே, இத்தனை நாளு யாரும் சொல்லவே இல்லையே என்றார். கண்ணாடியைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ சோர்ந்துபோய்ப் பேசினாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். உன் கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் இருக்கும் அந்த வயசான அம்மாளுக்கு நீ காய்கறிப் பையைத் தூக்கிக் கொடுப்பதைக் கேட்டு, உன்னோடு ஆபீசில் இருப்பவள், அது அவருக்காக இல்லை, நான் நல்லவள் என்று உன்னை நீயே மெச்சிக்கொள்வதற்காக, உலகத்தில் யாருமே அடுத்தவருக்காக ஒன்றும் செய்வதில்லை என்று சொல்லிவிட்டாள் என்றாய். யோசித்துப் பார்த்தால் அது உண்மையாகத்தான் இருக்கிறது, அன்றிலிருந்து அந்த அம்மாளைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது, அவர் வரும் நேரம் பார்த்து ஒதுங்கிப் போகிறேன் என்றாய். நான் பதில் சொல்லாமல் சாப்பாட்டைப் பற்றிப் பேசினேன். பதில் தெரியாமல் இல்லை, பதில் கட்டுப் போட்டு என் காலில் இருந்தது, காட்டினால் திட்டுவாய் என்று போனை முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டேன். இனிமேல் திட்டி என்ன, கதையைக் கேள்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களுக்கு நம் கடை முன்னால் வருஷா வருஷம் பந்தல் போட்டுப் பானக்காரம் கொடுப்போமே, கருப்பட்டியும் புளியும் கரைத்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, இந்த வருஷமும் இரண்டு பெரிய அண்டா நிறையக் கரைத்தோம். போர்டு ஒன்று புதிதாக எழுதினார் உங்கப்பா. முருகன் பெயர் எறும்பு அளவு, மந்திரமூர்த்தி கருப்பட்டிக் கடை என்பது யானை அளவு. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பலசரக்குக் கடை காசிலிங்கம் அண்ணாச்சியின் மோர்ப் பந்தல், இந்த வருஷம் ஸ்பீக்கர் வேறு. அவர் பந்தலைவிட நம் பந்தலில் நாலு பேராவது கூடுதலாகக் குடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. குடித்துவிட்டுப் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தேன். மதினி, எம்புட்டு ஆச்சு என்று அவர் அங்கிருந்து கத்துவார், எரநூத்தி முப்பது, ஒங்களுக்கு எம்புட்டு என்று நான் கத்துவேன், நாங்க சாமிக்குக் குடுக்கோம், எண்ணுததில்ல என்பார், பின்னால் அவர் மருமகள் நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருப்பாள்.

காலை ஏழரை மணி இருக்கும், பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி தனியாக வந்தாள், நாற்பது வயசுக்குள், வாயைச் சுற்றி மஞ்சள் துணி கட்டியிருந்தாள். மௌன விரதம் என்று தெரிந்தது. துணியைக் கீழே இறக்கி, இரண்டு கையையும் சேர்த்து வாயில் வைத்துக் குனிந்து நின்றாள். அண்டாவுக்குப் பக்கத்தில் வெறும் தண்ணீர்க் குடமும் வைத்திருந்தோம். குனிவதற்கு முன்னால் அவள் விரல் அந்தக் குடத்தைத்தான் காட்டியது. நான் பார்த்தேன் பானு, பார்க்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். தண்ணீர் குடித்தால் கொட்டை போட முடியாதே. கூச்சப்படுகிறாள், ஒரு வாய் குடித்தால் விடமாட்டாள் என்று நானே நினைத்துக்கொண்டு பானக்காரத்தை மொண்டு ஊற்றிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள், இரண்டு வாய் போயிருக்கும், கையை உதறிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யக்கா, என்னக்கா இப்படிப் பண்ணிட்டீக, கடல்ல குளிக்கிற வரைக்கும் தண்ணியத் தவிர எதையும் வாயில வைக்க மாட்டேன், ஒரு பேச்சு பேச மாட்டேன்னுல்ல நேந்துக்கிட்டு வாரேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பேசிவிட்டோம் என்று தெரிந்ததும் அதற்கும் சேர்த்து அழுதாள்.

அவள் பெயர் ஆறுமுகத்தாய், விளாத்திகுளம் பக்கம். புருஷன் கரிமூட்டை ஏற்றுகிறவர். லாரி மேலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து ஐந்து மாசமாகப் படுக்கை, ஒரு ஆபரேஷன் முடிந்து அடுத்தது வருகிற புதன்கிழமை, இதற்கும் எழுந்திருக்காவிட்டால் கஷ்டம்தான் என்று சொல்லிவிட்டார்களாம். அவரு நடக்கணும்னு நான் நடந்து வந்தேன், இப்ப எல்லாம் போச்சு, திரும்ப ஊருக்குப் போயி மொதல்ல இருந்து நடந்து வரணும், அதுக்கு நாளு எங்க இருக்கு என்று ஏங்கி ஏங்கி அழுகிறாள். காசிலிங்கம் அண்ணாச்சி ரோட்டைத் தாண்டி ஓடி வந்து, மோரு குடுத்திருந்தா இந்த வம்பு வந்திருக்குமா மதினி என்றார். வே, மோரு என்ன தண்ணியாவே, போம் வே அங்கன என்று உங்கப்பா விரட்டினார். நான் கரண்டியைப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்து, ஏளா எந்திரி, தப்பு ஒன் வாயில இல்ல, என் கையில, நானும் ஒன்கூட வாரேன், கடல்ல குளிக்க வரைக்கும் நானும் தண்ணியத் தவிர ஒண்ணும் தொடமாட்டேன், முருகன்ட்ட நேரா நின்னு சொல்லுதேன், ஊத்துன பாவி நான்தான், குடிச்சவ மேல கேஸு கெடையாதுன்னு என்றேன். உங்கப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பஸ் ஸ்டாப்புக்கே ஆட்டோ கேக்கவ, திருச்செந்தூருக்கு நடக்கப் போறாளாம் என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே செருப்பைக் கழற்றி அவர் காலடியில் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

இரக்கத்தில் போனேன் என்று நினைத்துவிடாதே. அந்த மனுஷன் எழுந்திருக்காவிட்டால் ஒரு குடும்பம் ஆயுசுக்கும் என்னை வையுமே என்று பயம். அதைவிடப் பெரிய பயம், காசிலிங்கம் அண்ணாச்சி இந்தக் கதையை வருஷா வருஷம் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாரே என்று. அவள் மறுபடியும் வாயைக் கட்டிக்கொண்டாள், நான் அவிழ்த்துவிட்டேன். இரண்டு பக்கமும் உப்பளம் வெயிலில் கண்ணைக் குத்துகிறது, நான் பேசிக்கொண்டே போகிறேன், நீ பத்தாம் வகுப்பில் கணக்கில் வாங்கின மார்க்கு வரை அவளுக்குத் தெரியும். முக்காணிப் பாலத்தில் முட்டி கழன்றது. ஆத்தூரில் ஒரு கடைக்காரர் சுடச்சுட உளுந்தவடையை நீட்டி, சும்மா சாப்பிடுங்க தாயி, காசு வேண்டாம் என்றார், அன்றைக்கு நான் பார்த்ததிலேயே கொடுமைக்காரர் அவர்தான். ஆறுமுகநேரி வந்ததும் இரண்டு காலிலும் கொப்புளம் உடைந்து நெருப்பை மிதித்த மாதிரி எரிந்தது. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, நீ முன்னால போளா, நான் பஸ்ஸுல வந்து சேர்ந்துக்கிடுதேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். தோளில் கிடந்த துண்டை இரண்டாகக் கிழித்து, என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, மண்ணைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு காலாகச் சுற்றிக் கட்டினாள். நான் செய்த காரியத்துக்கு இவள் இப்படியா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாய் பேச மாட்டாளே என்ற தைரியத்தில் குடத்தைக் காட்டியதைப் பார்த்தது, புளியங்கொட்டை, ஸ்பீக்கர் பயம் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அதற்குப் பிறகு விடவே இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குத் திருச்செந்தூர்க் கடலில் இறங்கினோம். மூன்று முங்கு போட்டு, நாழிக்கிணற்றிலும் குளித்துவிட்டு வந்து மணலில் உட்கார்ந்தோம். அவள் துணியை அவிழ்த்தாள். முதலில் வந்த பேச்சு என்ன தெரியுமா. யக்கா, வையக் கூடாது, மொத வாயிலயே இனிப்புன்னு தெரிஞ்சிருச்சு, துப்பியிருக்கலாம், மூணு நாளு காஞ்ச தொண்டை கேக்கல, ரெண்டாவது வாய் நானாத்தான் குடிச்சேன் என்றாள். என்னளா சொல்லுதே என்றேன். தனியா வந்தா சாமி என்னயக் கேக்கும், நீங்க கூட வந்தா ஒங்களத்தான கேக்கும்னு பேசாம இருந்துட்டேன் என்றாள். அப்ப என் காலுல துண்டு கட்டுனது என்றேன். நீங்க பஸ் ஏறிட்டா பழி திரும்ப எங்கிட்டயில்ல வந்துரும் என்றாள். முப்பது கிலோமீட்டர் பானு. அவளை அந்தக் கடலிலேயே அமுக்கியிருக்கலாம், ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. நான் சிரிக்க, அவள் சிரிக்க, ஈரச் சேலையோடு இரண்டு பேரும் மணலில் கிடந்து உருளுகிறோம், பக்கத்தில் நின்றவர்கள் சாமி வந்துவிட்டது என்று எங்களுக்குத் திருநீறு பூசிவிட்டார்கள். பிறகு வரிசையில் நின்று சாமி முன்னால் போய், அவள் குற்றத்தை அவளும் என் குற்றத்தை நானும் ஒரே நேரத்தில் சொன்னோம், முருகனுக்கு அன்றைக்குத் தலை சுற்றியிருக்கும்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். உன் ஆபீஸ்காரி சொன்னது பொய்யில்லை, நானே சாட்சி. ஆனால் அந்தத் துண்டை எதற்காகக் கட்டினாள் என்று என் காலுக்குத் தெரியாது, அதற்கு எரிச்சல் நின்றது, அவ்வளவுதான். பழிக்குப் பயந்து கட்டினவள் மண்ணைத் துடைத்துவிட்டுத்தான் கட்டினாள், அது எதற்காக என்று கேட்டேன், அது தெரியலக்கா என்றாள். எனக்கும் அப்படித்தான், பயத்தில் கிளம்பினேன், காயல்பட்டினம் தாண்டும்போது எனக்கு ஸ்பீக்கரும் ஞாபகமில்லை, அண்ணாச்சியும் ஞாபகமில்லை, அந்த மனுஷன் எழுந்து நின்றால் போதும் என்றுதான் இருந்தது. மனசு சுத்தமான பிறகுதான் நல்லது செய்வேன் என்பது, குளித்துவிட்டுத்தான் கடலில் இறங்குவேன் என்பது மாதிரி. உனக்குள்ளே ஒரு மெச்சுதல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அது கண்ணை மறைக்காமல் பார்த்துக்கொள், எனக்கு மறைத்தது, அவள் கை தண்ணீரைக் காட்ட நான் வேறெதையோ ஊற்றினேன். அந்த அம்மாள் பையை நீட்டினால் தூக்கு, வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டுப் போ, ஒளிந்து மட்டும் போகாதே. பாவம், நாம் என்ன தப்புச் செய்தோம் என்று அவர் அங்கே யோசித்துக்கொண்டிருப்பார்.

புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. அன்றிலிருந்து தினம் காலையில் ஆறுமுகத்தாய்க்குப் போன் போட்டேன். தினமும் ஒரே பதில், இன்னும் கால ஊனலக்கா. ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை, ஏளா, தின்னுட்டாவது கவலப்படு என்று உங்கப்பா தட்டைத் தள்ளுவார். நேற்று அவளே கூப்பிட்டாள். வெறும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, ஏளா, என்னன்னு சொல்லுளா என்று கத்தினேன். பிறகுதான் அழுகையோடு, யக்கா, வாக்கரப் புடிச்சு எந்திரிச்சு நின்னுட்டாக, ரெண்டு அடி வச்சுட்டாக என்றாள். டாக்டர் கை நல்ல கை, வைத்த தகடு நல்ல தகடு, அது எனக்குத் தெரியாதா, இருந்தாலும் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். அவள் புருஷன் போனை வாங்கி, அடுத்த பூசத்துக்கு நான் என் காலாலயே நடந்து வாரேன், ஒங்க வாசல்ல வந்து நிப்பேன், நீங்களும் கூட வருவீகளா தாயி என்று கேட்டார். வாரேன் என்று சொல்லிவிட்டேன். தனக்காக வருகிறேன் என்று அந்த மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம், நானும் ஒன்றும் மறுக்கவில்லை. எடை பார்த்தேன் பானு, ஒரே நடையில் இரண்டரை கிலோ குறைந்திருக்கிறது.

செந்தூர் முருகன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனுஷர்கள் வாய்க்கட்டும், நல்ல மாப்பிள்ளை ஒருத்தனும் வாய்க்கட்டும் என்று அப்பா பக்கத்திலிருந்து சொல்கிறார், அதை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள். பார்சலில் இருக்கும் முறுக்கை முதலில் தின்றுவிடு, தாமதித்தால் எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கும்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரான அம்மா,
ம. சீனித்தாய்.