கூண்டுக்குள் விரித்தது

1983 மே 14, சனி

இன்று என் இங்கிலீசு மானம் கப்பலேறியது. திகனையில் எங்கள் வெள்ளைக்கார இஞ்சினியர் அடுத்த கிழமை சீமைக்குப் போகிறார். அவருடைய சம்சாரம் என்னை பங்களாவுக்குக் கூப்பிட்டு நீளமாக ஏதோ சொன்னார். அணைக்கட்டு ஸ்டோர்ஸில் மூன்று வருசமாக ஆணி எடுத்துக் கொடுக்கிறவன் நான். ஆணி, போல்ட், வொஷர் தாண்டினால் இங்கிலீசில் எனக்கு வழி தெரியாது. அவர் மூச்சு விட்ட இடமெல்லாம் “யெஸ் மேடம்” என்றேன். பழைய கம்பளி உடுப்பு தருகிறார் என்று நினைப்பு. பெட்டியைக் கையில் தந்துவிட்டு அழுதார். கம்பளிக்கு யாராவது அழுவார்களா என்று யோசித்தேன். பெட்டி அசைந்தது.

கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். வீட்டில் திறந்தால் முயலுக்கும் அணிலுக்கும் பிறந்ததுபோல் சாம்பல் நிறத்தில் ஒன்று. பெட்டிமேல் பெயர் எழுதியிருந்தது, பெர்ஸியாம்.

என் சம்சாரம் அங்கம்மா எட்ட நின்று பார்த்தாள். “கம்பளி வாங்கப் போன மனுசன் எலி வாங்கிட்டு வந்திருக்காரு. அதுக்குப் பேரு வேற.”

மகள் சிவமணி மட்டும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு வயசு. வகுப்பில் வாயே திறக்கிறதில்லை என்று ஒவ்வொரு தவணையும் ரிப்போர்ட்டில் எழுதி அனுப்புகிறார்கள். அந்த எலியோடு அரை மணித்தியாலம் பேசினாள்.

மே 15

பெட்டிக்குள் ஒரு தாள். சிவமணி அகராதி வைத்துக்கொண்டு வாசித்தாள். சின்சிலா. தென் அமெரிக்க மலைப் பிராணி. சூடு ஆகாது. தண்ணீரில் குளிக்காது, தூளில் புரளும். கூண்டின் தளத்தைப் பற்றி மட்டும் அரைப் பக்கம். அதை வாசிக்க முன்னமே நான் “தளமெல்லாம் எனக்குத் தெரியும்” என்றேன். ஸ்டோர்ஸ்காரனுக்குத் தெரியாத தளமா?

மே 18

கூண்டு முடிந்தது. அடியில் அரை அங்குலக் கம்பி வலை. புழுக்கை தானாகக் கீழே விழும், கூட்டவே தேவையில்லை. அங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஒங்களுக்கும் இப்பிடி ஒண்ணு செஞ்சிக்கங்க” என்றாள்.

யூன் 5

பெர்ஸி நடக்கமாட்டேன் என்கிறது. சிவமணி தூக்கிப் பார்த்தாள். பின்னங்கால் அடி இரண்டும் சிவந்து, ஒன்றில் புண். கம்பி அறுத்திருக்கிறது. அந்தத் தாளைக் கொண்டுவந்து நான் வாசிக்கவிடாத இடத்தில் விரலை வைத்தாள். கம்பித் தளம் வேண்டாம். பலகை வேண்டும். மேலே மரச் சீவல்.

வாசித்துக்கொண்டே போனாள். வாசமுள்ள மரம் ஆகாது, நெஞ்சைப் பிடிக்கும். மருந்தடித்த பலகை ஆகாது, கடித்துத் தின்னும். அச்சுப் பேப்பர் ஆகாது, மை வயிற்றுக்குள் போகும்.

“இவ்வளவு பாத்தா மனுசன் படுக்க முடியுமா?” என்றேன்.

“அப்பா, இது மனுசன் இல்ல.”

கம்பி வலையைக் கழற்றிவிட்டு வெறும் பலகை அடித்தேன்.

யூன் 12, ஞாயிறு

மடவளைக்குப் போனேன். மேசை, கதிரை செய்கிற ஸெய்னுலாப்தீன் நானா அணைக்கட்டு வேலையால் வந்த பழக்கம். விசயத்தைச் சொன்னதும் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“எலிக்குக் கட்டில் அடிக்கவா வந்தீங்க?”

“கட்டில் இல்ல நானா, மெத்தை மட்டும்.”

சிரித்தாலும் மனுசன் ஒவ்வொரு குவியலாக மோந்து பார்த்துப் பிரித்தார். “இது பைன், வாசம் அடிக்கிது, வாணாம். இது மருந்து குளிச்ச பலகை. மரத்தூளும் வாணாம், மூக்குல ஏறும். இந்தா அல்பீசியாச் சீவல், பச்சப்புள்ளயையே கெடத்தலாம்.” ஒரு சாக்கு நிறையத் தந்தார். பத்து நாளைக்கு ஒருக்கா வரச் சொன்னார்.

யூன் 26

புண் ஆறிவிட்டது. பெர்ஸி சுவரில் ஏறித் திரும்பிக் குதிக்கிறது. சிவமணி சத்தம்போட்டுச் சிரிக்கிறாள். அங்கம்மா கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல், “சரி, இருக்கட்டும்” என்றாள்.

யூலை 10

பக்கத்து வீட்டு ஹேரத் மாத்தயா தினமும் பின்னேரம் வருகிறார். பென்சன் எடுத்த பஸ் இன்ஸ்பெக்டர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “மீயா மாத்தயா சாப்பிட்டாரா, துவே?” என்று பாதித் தமிழில் கேட்பார். மீயா என்றால் எலி, மாத்தயா என்றால் ஐயா, துவே என்றால் மகள். எலிக்கு மாத்தயாப் பட்டம். என்னை இத்தனை வருசத்தில் ஒருநாளும் மாத்தயா என்று கூப்பிட்டதில்லை.

சிவமணி அவருக்குப் பதில் சொல்கிறாள். சிங்களத்தில். எங்கே படித்தாள்?

யூலை 25, திங்கள்

கொழும்பு எரிகிறதாம். வடக்கில் பதின்மூன்று ஆமிக்காரர் செத்ததற்கு. வேலைத்தள பஸ் எங்களை இறக்காமல் பாதியில் திரும்பிவிட்டது. நடந்து வந்தேன். மடவளைக்குப் போக வேண்டிய நாள் முந்தாநாளே. சீவல் இல்லை.

யூலை 26, செவ்வாய், காலை பத்து மணி

நான் புத்திசாலி என்பதை இங்கே பதிகிறேன். சாமிப்படங்கள் அரிசிப் பீப்பாய்க்குள். தமிழ்க் கலண்டர் அடுப்பில். அங்கம்மாவின் பொட்டை நானே துடைத்தேன். தாலி ரவிக்கைக்குள். தமிழ் எழுத்து ஒன்றுகூட வெளியே தெரியக்கூடாது என்று கட்டளை.

கூண்டு நாறியது. சிவமணி குழாயடியில் இருந்த நேரம் பழைய சீவலை அள்ளிவிட்டுப் பலகைமேல் ஞாயிற்றுப் பேப்பர் இரண்டு தாள் விரித்தேன். பார்த்தால் மை என்று பிடித்துக்கொள்வாள். நனையாத சீவல் ஒரு பிடி மேலே தூவி மறைத்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது.

கண்டிப் பக்கம் புகை தெரிகிறது. ஹேரத் வேலியருகே நின்று கைகாட்டுகிறார்.

யூலை 29, பள்ளிக்கூட முகாம்

எழுத இடமில்லை. பக்கத்து ஆள்மேல் முதுகைச் சாய்த்து எழுதுகிறேன். இந்தக் கொப்பி இடுப்பில் இருந்ததால் தப்பியது. வீடு இல்லை. எல்லாம் போனது. அதை எழுதி என்ன.

ஹேரத் எங்களை வரச் சொன்னபோது எதையும் தூக்காதே என்றேன். சிவமணி கூண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “வை கீழே” என்று அதட்டினேன். வைக்கவில்லை. அவள் எனக்குக் கீழ்ப்படியாதது அதுதான் முதல் தடவை. இழுக்க நேரமில்லை. விட்டேன்.

ஹேரத் தன் வீட்டில் நெல் வைக்கிற அறைக்குள் எங்களைத் தள்ளினார். கூண்டு உள்ளே நுழையவில்லை. வாசற் கதிரையில் வைத்தார்.

வந்தவர்கள் பதினைந்து பேர் இருக்கும். எனக்குக் கதவு இடுக்கில் ஒரு கண். அங்கம்மா பிள்ளையின் முகத்தைத் தன் வயிற்றோடு அமுக்கியிருந்தாள். ஹேரத் வாசலில் நின்று, இங்கே தமிழர் இல்லை, பக்கத்து வீட்டார் நேற்றே போய்விட்டார்கள் என்றார். நம்பிவிட்டார்கள். உண்மையாகவே நம்பிவிட்டார்கள். ஒருவன் கூண்டைக் கண்டு, இது என்ன பிராணி என்று கேட்டான். என் பேரனுடையது என்றார். அவன் சிரித்துக்கொண்டு, பிராணி வெளியே வரட்டும் என்று கூண்டைச் சரித்தான். சீவல் ஒரு பக்கமாக வழிந்தது.

பேப்பரை உருவி எடுத்தான். ஈரத் தாள். விரித்துப் பிடித்தான். நான் இருந்த இடத்திலிருந்தே பெரிய எழுத்துத் தலையங்கம் தெரிந்தது.

இது தமிழ்தானே என்றான்.

கடையில் கருவாடு சுற்றித் தந்தது என்றார் ஹேரத். அந்த வேகத்தில் அப்படியொரு பொய் எனக்கு வந்திருக்காது. அவன் கையில் சைக்கிள் செயின். முகத்தில் அடித்தான். ஒரே அடி. ஹேரத் விழுந்தும் அறைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நான்? நான் வெளியே போகவில்லை. கால் இருந்தது. போகவில்லை.

சந்தியில் கடை உடைக்கிறார்கள் என்று யாரோ கத்தினார்கள். பங்கு போய்விடும் என்று எல்லாரும் ஓடினார்கள். போகிற வழியில் எங்கள் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். கூண்டு படியில் உடைந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

ஓகஸ்ட் 6

ஹேரத்தின் இடது கண் இனி வராது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஒருவர் சொன்னார்.

ஓகஸ்ட் 17

புசல்லாவை. தேயிலைத் தோட்டத்தில் அங்கம்மாவின் அண்ணன் வீரய்யாவின் லயத்துக் காம்பரா, ஒரே அறைக்குள் எட்டுப் பேர். சாக்கை விரித்துப் படுக்கிறோம். நல்ல குளிர். பெர்ஸிக்குப் பொருத்தமான ஊர் என்று பகிடி விட்டேன். யாரும் சிரிக்கவில்லை. சிவமணி எழும்பித் தண்ணீர்ப் பீலிக்குப் போய்விட்டாள்.

அந்தப் பிராணி எங்கே என்று அவள் இதுவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

செப்டெம்பர் 11

இன்று தண்ணீர்க் குடத்தைப் போட்டு உடைத்தாள். அங்கம்மாவுக்கு இருந்த எரிச்சலில் வாயில் வந்துவிட்டது.

“நீ தொட்டதெல்லாம் இப்பிடித்தான். அந்த எலிக்கூண்டத் தூக்கிட்டு வந்து ஒரு நல்ல மனுசனோட கண்ண வாங்கிட்ட.”

நான் அங்கம்மாவை அடிக்கக் கை ஓங்கினேன். பதினாறு வருசத்தில் ஓங்கியதில்லை. வீரய்யா பிடித்துக்கொண்டார். “புள்ளய ஏசினதுக்கா மச்சான் இவ்வளவு கோவம்?” என்றார். ஆமாம் என்றேன்.

செப்டெம்பர் 12

சிவமணி பேசவில்லை.

செப்டெம்பர் 30

பேசவில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். பிள்ளை ஊமையா என்று மாஸ்டர் கேட்டார். இல்லை, மரியாதை என்றேன். பெரிய நகைச்சுவைக்காரன்.

நவம்பர் 6, ஞாயிறு

தீபாவளி கழிந்த கையோடு சிவமணியைக் கூட்டிக்கொண்டு ஹேரத்தைப் பார்க்கப் போனேன். இருநூறு கிராம் தேயிலை, ஒரு சீப்பு வாழைப்பழம். அவள் வேலிப் படலைக்கு வெளியே நின்றுவிட்டாள். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

ஹேரத் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பேப்பரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அதை அவன் கையில் பார்த்தது அவரல்லவா. விரித்தது பிள்ளை என்று நினைக்கிறாரோ என்னவோ. எழும்பி, கைத்தடியோடு படலைவரை வந்து, அவள் தலையில் கைவைத்தார். “துவே, நீ பெரிசாயிட்ட” என்றார். அவள் அவர் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்தாள். கம்பளை தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது, வெளியே பார்த்தபடியே கேட்டாள். எட்டுக் கிழமைக்குப் பிறகு வந்த குரல். ஒரு கணம் யார் பேசுகிறார்கள் என்று எனக்கே விளங்கவில்லை.

“நான் கூண்டக் கொண்டு போகாட்டி ஹேரத் மாமாவுக்குக் கண்ணு இருந்திருக்கும், இல்லியாப்பா?”

பஸ் இரைச்சல். முன் சீட்டில் ஒருவர் தூங்கி விழுகிறார்.

“அதெல்லாம் விதி, மகள்” என்றேன். “பசிக்குதா? புசல்லாவையில எறங்கினதும் வடை வாங்குவம்.”

வேண்டாம் என்று தலையாட்டினாள்.

வெறும் கூண்டென்றால் அவன் சிரித்துவிட்டுப் போயிருப்பான், மகள். அதற்குள் பேப்பரை விரித்ததும் நான், நீ பார்க்காதபடி சீவலைத் தூவி மறைத்ததும் நான்.