காலண்டர் காட்டிக்கொடுத்தது

நவம்பர் 12, புதன். இரவு.

மார்பில் இருந்த கட்டியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் அவரிடம் மட்டும் சொல்லியிருப்பேன். எங்கள் ஊர் கிருமாம்பாக்கத்தில் பஸ் ஏறினாலே எங்கே என்று நாலு பேர் கேட்பார்கள். அதனால்தான் பரிசோதனை முடிவை வீடியோவில் சொல்லும்படி டாக்டரைக் கேட்டிருந்தேன். இன்று காலை பத்து மணி. லிங்க்கோடு போன் காலண்டரில் நானே குறித்திருந்தேன்.

அந்தக் காலண்டர் பாரிசில் இருக்கும் மகள் ரீட்டாவின் போனிலும் தெரியும் என்பதை மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவதற்காக அவள்தான் இணைத்து வைத்திருந்தாள்.

பத்து மணிக்கு லிங்க்கைத் திறந்தால், டாக்டருக்குப் பக்கத்துக் கட்டத்தில் ரீட்டா! அங்கே இன்னும் விடியவில்லை.

"இன்னாம்மா, எங்கிட்டயே மறைக்கிறியா?"

"டாக்டர் எதிர்ல தலைகூட வாராம வந்து உக்காந்திருக்கியேடி" என்றேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். "வெறும் கொழுப்புக் கட்டிதாம்மா. பயப்பட ஒண்ணுமில்ல."

ரீட்டா அழுதாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம். டாக்டர் காலை நேரம் சொன்னார். மதியம் மூன்று மணிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கி, காலண்டரில் போட்டுவிட்டேன். அவள் தலை வாரிக்கொள்ள நேரம் இருக்கும்.